தள்ளிக்கொண்டு வந்தவர்

“சத்தியமா நான் ஓட்டல மேடம். தள்ளிகினுதான் வரேன்.”

தூசிக்கு மாஸ்க் போட்டு இரும்புலியூரில் வண்டிகளை மடக்கிக்கொண்டிருந்த எஸ்.ஐ. கனகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போலீஸைத் தூரத்தில் பார்த்ததும் இறங்கி உருட்டுவது குடிகாரர்களின் அரதப்பழசான வித்தை.

“ஊது.”

அப்பாதுரை ஊதினார். மெஷின் கீச்சென்று கத்தியது.

“எங்கேருந்து தள்ளுற?”

“பீர்க்கன்கரணைலேர்ந்து மேடம். மச்சான் வூட்ல கிரகப்பிரவேசம். கொஞ்சம் ஊத்திக் குடுத்துட்டானுங்க.”

“மே மாச வெயில்ல, அவ்ளோ தூரம்? யாருக்குய்யா காது குத்துற?”

பைக் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

“அது வெயிலு மேடம். அதோ, இளநிக்கடை அக்காவைக் கேளுங்க, பாத்தாங்க. நான் நாவலூர்ல கம்பெனி கார் ஓட்டுறேன். கேஸு வுழுந்தா வேலையே பூடும்.”

இளநீர்க்கடை இருபதடிதான். அந்த இருபதடி நடக்க கனகவல்லிக்கு அன்று பொறுமை இல்லை. கேஸை எழுதிவிட்டாள்.

மனசு கேட்டால்தானே? மூன்றாம் நாள் இளநீர் குடிக்கிற சாக்கில் கடைக்காரியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“ஆமாம்மா, சட்டை தொப்பலா நனைஞ்சு, தள்ளிகினுதான் வந்தாரு. நீங்க ஏன் அன்னிக்கே கேக்கல?”

பாதி இளநீரை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தாள். கேஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது. இனி தானே போய்த் தப்பு என்று எப்படிச் சொல்வது? அந்த ஆள் தன் பேச்சில் உறுதியாக நின்றால், நாம் மறுக்காமல் இருந்துவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

கோர்ட்டிலும் அப்பாதுரை, தள்ளிக்கொண்டுதான் வந்ததாகச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்தார்.

“குடிச்சிட்டு எவனாவது அவ்வளவு தூரம் தள்ளுவானா? அப்படித் தள்ளச் சொல்லி யாருய்யா சொன்னது?”

அப்பாதுரை பதில் சொல்ல வாயெடுத்தார். எதிரே நின்ற கனகவல்லியை அப்போதுதான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“ஓட்னது தப்புதாங்கய்யா.”

‘இவர் ஓட்டியதை நான் பார்க்கவில்லை’ என்று கனகவல்லி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். அபராதத்தோடு ஆறு மாதம் லைசென்ஸும் போனது.

வராந்தாவில் அவர் மனைவி அம்மணி அழுதுகொண்டே சண்டை பிடித்தாள். தூணோரம் வெட்கிப்போய் நின்ற கனகவல்லியை இருவரும் கவனிக்கவில்லை.

“ஏன்யா ஒத்துக்கினே? யார் சொன்னதுன்னு ஜட்ஜய்யா கேட்டாரே, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! இனிமே சோத்துக்கு இன்னா பண்றது?”

“எப்டிடி சொல்றது? அன்னிக்கு ரோட்ல மாஸ்க் போட்டுகினு இருந்தாங்க, மூஞ்சி தெரியல. இங்கதான் பாத்தேன். பொங்கல் சமயத்துல எங்க கம்பெனிக்கு வந்து, ‘குடிச்சா ஓட்டாதீங்கண்ணே, தள்ளிக்கிட்டுப் போங்க, எந்தப் போலீஸும் உங்களைத் தொடாது’ன்னு மைக்ல கண்ணு கலங்கச் சொன்னதே அந்த மேடந்தான். ஜட்ஜு முன்னாடி அவங்கள நான் காட்டிக் குடுக்கறதா?”