கூறு போடாத இறைச்சி

பக்ரீத் தொழுகை முடிந்து தெருவெங்கும் மூன்றாகப் பிரித்த குர்பானி இறைச்சி, வீட்டுக்கு ஒரு பங்கு போக, சொந்தத்துக்கும் ஏழைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஜைத்தூன் படுக்கையிலிருந்த கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு அந்த வீட்டில் குர்பானி இல்லை. இத்தனை வருஷம் கொடுத்த கை, இனி வாங்க வேண்டும். வெட்கப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

அண்ணன் உதுமான் ஆட்டோவிலிருந்து ஓர் அண்டாவை இறக்கி, மூச்சு வாங்க வாசலில் வைத்தார்.

"எந்தப் பங்குண்ணே? சொந்தக்காரங்களுக்கு உள்ளதா, ஏழைங்களுக்கு உள்ளதா?" அவள் நிமிராமலே கேட்டாள்.

"இன்னும் பிரிக்கலம்மா. முழு ஆடும் இதுலதான் இருக்கு." அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒன் மதினி ரஹ்மத்துதான் எப்பவும் கூறு போடுவா. அவ மவுத்தாப் போன பொறவு வர்ற மொதப் பெருநாளு. கத்திய எடுத்துட்டேன், கை ஓடல. நீயே பிரிச்சுடு."

ஜைத்தூன் கையைக் கழுவிவிட்டு வந்தாள். பாயை விரித்து மூன்று கூறாகப் போட்டாள். ஏழைகளுக்கான கூறில் நல்ல துண்டுகளாகப் பார்த்து வைத்து, வாசலுக்கு வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தாள். வாங்கியவர்களின் முகத்தை இந்த முறை அவள் பார்த்தாள்.

மீதி இரண்டு கூறு பாயில் இருந்தது.

"இதுல உங்க வீட்டுக்கு எது, சொந்தத்துக்கு எதுண்ணே?"

உதுமான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். அவள் அவரை எழுப்பவில்லை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.