கழுதைக்கு ஒன்று

"இந்தத் தடவை பூஜ்யம்தான் இருக்கும், பாரு," என்றபடி ஹோய்ட் வண்டியை நிறுத்தினார்.

பக்கத்தில் இருந்த மனைவி வெர்னா மடியில் இருந்த கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஜனாதிபதி தேர்தல் முடிந்த மறுநாள் காலை. அலபாமா மலையோரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு வாக்குச்சாவடி, தீயணைப்பு நிலையம்தான். எண்ணி முடித்ததும் முடிவுத் தாளைக் கதவிலேயே ஒட்டிவிடுவார்கள்.

ஹோய்ட்டின் அப்பா காலத்தில் ஊரே கழுதைக் கட்சி. "கழுதைச் சின்னத்துல நிஜக் கழுதையே நின்னாலும் என் ஓட்டு அதுக்குத்தான்," என்பார் அப்பா. பருத்தி மில் மூடியபின் ஒவ்வொரு வீடாக எதிர்க்கட்சியான யானைப் பக்கம் சாய்ந்தது. ஹோய்ட்டும் சாய்ந்தார். நாற்பது, பதினொன்று, மூன்று என்று கழுதை இளைத்துக்கொண்டே வந்து, எட்டு வருடங்களுக்கு முன் ஒற்றை ஓட்டில் வந்து நின்றது.

அப்பாவின் பிடிவாதம் ஊருக்குத் தெரியுமே, அந்த ஒன்று அவர்கள் வீட்டு ஓட்டுதான் என்று சர்ச்சில் எல்லோரும் ஹோய்ட் குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு மானம் போயிற்று. உறவெல்லாம் கூடும் அந்த நவம்பர் நன்றித் திருநாள் விருந்தில், நடுவில் வான்கோழி இருக்க, மேஜையில் ஓங்கி அடித்தார்.

"இங்க எவன்டா அந்தக் கழுதை?"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த வெர்னாவின் கையிலிருந்து கிண்ணம் தவறி விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹோய்ட்டின் அண்ணன் ஆர்வல்தான் துணியை எடுத்துக் குனிந்து துடைத்தார். துடைத்து முடித்து நிமிர்ந்தவர், "நான்தான்டா," என்றார்.

"அப்படின்னா இனிமே என் வாசல்ல கால் வைக்காத."

ஆர்வல் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குப் போனார். பிறகு வரவே இல்லை. அடுத்த தேர்தலிலும் அதே ஒன்று. போன மார்ச்சில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஹோய்ட் போகவில்லை. அடக்கத்தின்போது மட்டும் தள்ளி நின்றுவிட்டு வந்தார்.

அண்ணன் வீட்டைக் காலி செய்தபோது அலமாரியில் யானைக் கட்சித் தொப்பி ஒன்று கிடைத்தது. நன்றாகப் போட்டுப் பழசான தொப்பி. அன்றிலிருந்து ஹோய்ட்டுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அண்ணன் இல்லாத இந்தத் தேர்தலில் கழுதைக்குப் பூஜ்யம் என்று தாளில் பார்த்துவிட்டால், அண்ணன் மேல் வீண்பழி போடவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவருகே போனார்.

யானை நூற்றுப் பன்னிரண்டு. கழுதை ஒன்று.

கொடியைக் கழற்றிக்கொண்டிருந்த சாவடி அதிகாரி மெர்ல் திரும்பிப் பார்த்தார். "என்ன ஹோய்ட், நம்பிக்கை இல்லையா?"

"ஆர்வல் போய் எட்டு மாசம் ஆச்சு, மெர்ல்."

"செத்தவங்க ஓட்டுப் போடறது நம்ம பக்கம் என்ன புதுசா?" என்று சிரித்த மெர்ல், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஹோய்ட் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார். சாவியைப் போடக் கை வரவில்லை.

"அவன் இல்ல, வெர்னா. அவனும் என்னை மாதிரி யானைக்குத்தான் போட்டிருக்கான். சாகிற மனுஷன் கூப்பிட்டும் நான் போகல. செய்யாததை எதுக்கு நான்தான்னு சொன்னான்?"

வெர்னா கைப்பையை மூடினாள்.

"கிண்ணம் விழுந்தப்ப என் கை நடுங்கினதை அவர் ஒருத்தர்தான் பார்த்தார்," என்றாள். "துடைக்கிறப்போ எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, 'நீ பேசாம இரும்மா, எனக்குப் போறதுக்கு வேற வீடு இருக்கு'ன்னார்."