ஹார்மோனிகா: டாய்ல் கிரிம்ஸ்லி

ஸ்டுடியோவின் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ரெகார்டு தயாரிப்பாளன் டார்ப்ளி கையைக் காட்டியதும் நான் ஹார்மோனிகாவை வாயில் வைத்தேன்.

பாட்டுக்காரி வெர்னா ஷாடிக்ஸ் எனக்கு நாலடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பு பெல்ட்டில் அவளுடைய ஹார்மோனிகாக்கள் ஆறு சொருகியிருந்தன.

அலபாமா, ஜூலை மாதம். ஏசியின் உறுமல் டேப்பில் விழும் என்று அதை அணைத்திருந்தார்கள். முன்பு டயர் கடையாக இருந்த கட்டடம் அது. வெயில் ஏற ஏறச் சுவரிலிருந்து ரப்பர் வாடை வந்தது.

வெர்னா சாக்ஸ் ஆலையில் வேலை பார்ப்பவள். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் லீவு வாங்கி வந்திருந்தாள். அவளே எழுதிய பாட்டு, அவளுடைய முதல் ரெகார்டு. அதில் ஹார்மோனிகாவை மட்டும் நான் வாசிக்க வேண்டுமாம்.

காலையில் டார்ப்ளி அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

"பொம்பள ஊதினா ரெகார்டுல எடுபடாது கண்ணு. அதான் டாய்லக் கூப்பிட்டிருக்கேன். நீ பாடு, அது போதும்."

அவள் பெல்ட்டைக் கழற்றவில்லை.

அவள் பாடியது நாட்டுப்புற வாடையுள்ள கன்ட்ரி. பின்னால் கிதார்கள் போட்ட சத்தம் ராக். நடுவில் ஹார்மோனிகாவுக்கென்று விட்டிருந்த இடம் சோகம் இழையும் ப்ளூஸ். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறாளே, தீய்ந்துபோகப் போகிறது என்றுதான் நினைத்தேன். தீயவில்லை. என் இடம்தான் பாக்கி.

நான் நன்றாகவே வாசித்தேன். இருபது வருடமாக பார்களில் ஊதுகிறவன், எனக்குத் தெரியாதா? வீட்டை விட்டுப் போகிற பெண்ணைப் பற்றிய பாட்டு. ஒவ்வொரு சுரத்தையும் வளைத்து வளைத்து அழவைத்தேன்.

டார்ப்ளி கட்டைவிரலை உயர்த்தினான்.

வெர்னா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"டாய்ல் அண்ணே, அவ அழல. பஸ்ஸப் பிடிக்க ஓடுறா."

சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. வீட்டை விட்டுப் போகிற பெண் என்றால் அழுதுகொண்டேதான் போவாள் என்று நானாக முடிவு கட்டியிருக்கிறேன்.

மறுபடி வாசித்தேன். பாட்டிலிருந்த பெண் மறுபடி அழுதாள். மூன்றாம் முறை வேகமாக அழுதாள்.

டிரம்ஸ் அடிக்கும் ராய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

நான் ஹார்மோனிகாவைச் சட்டைப்பையில் போட்டேன்.

"மூச்சு வாங்குது டார்ப்ளி. அந்தப் பொண்ணையே ஊதச் சொல்லு. நான் கொஞ்சம் உக்கார்றேன்."

என் மூச்சுக்கு ஒரு கேடும் இல்லை.

டார்ப்ளி கடிகாரத்தைப் பார்த்தான். எப்படியோ தொலையட்டும் என்பதுபோல் கையை உதறினான். டேப் ஓடியது.

வெர்னா குனிந்து பார்க்காமலே பெல்ட்டிலிருந்து ஒன்றை உருவினாள். முதல் சுரத்துக்கு முன்னால் மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த இழுப்பிலேயே பாட்டு கிளம்பிவிட்டது.

பை தொடையில் இடிக்கிறது. செருப்பு ஒன்று கழன்று விழுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு ஒருத்தி ஓடுகிறாள். இத்தனையும் உள்ளங்கை அளவு தகரத்துக்குள்ளிருந்து வந்தது. ஓரிடத்தில் மட்டும் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் ப்ளூஸ் மொத்தமும் இருந்தது. பிறகு மறுபடி ஓட்டம். கிதார்கள் மூச்சிரைக்கப் பின்னால் ஓடின.

பஸ் கிடைத்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது.

எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதை நாலடி தூரத்தில் நின்று கேட்கக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது.

ஸ்பீக்கரில் டார்ப்ளியின் குரல் வந்தது. "இதையே வச்சுக்கலாம்."

நவம்பரில் ரெகார்டு வந்தது. எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அந்த ஹார்மோனிகாதான். அட்டையின் பின்பக்கத்தில் அதற்கு நேராக அச்சடித்திருந்தது என் பெயர்.

டார்ப்ளியைத் திட்டாதீர்கள். ரெகார்டிங் நடந்த அன்று சாயங்காலம், யார் யார் எதை வாசித்தார்கள் என்ற தாளைக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினான். அவன் காலையிலேயே டைப் அடித்து வைத்திருந்த தாள். வெர்னா மறுநாள் ஷிப்டுக்காக ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தாள். ஒரு கோடு அடித்து அவள் பெயரை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடம் எங்கள் மாவட்டப் பொருட்காட்சியில் அவள் பாட வந்தாள். பட்டப்பகல், நல்ல கூட்டம். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். அந்தப் பாட்டு வந்தது. அந்த இடமும் வந்தது. ரெகார்டில் கேட்டதைவிடப் பிரமாதமாக ஓடினாள்.

என் பக்கத்தில் பொரித்த கெளுத்தி மீனைத் தின்றுகொண்டிருந்த ஆளுக்கு வாய் நின்றுவிட்டது. முழங்கையால் என்னை இடித்தான்.

"அடேங்கப்பா! அப்படியே டாய்ல் கிரிம்ஸ்லி மாதிரியே ஊதுறாய்யா!"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.