இரண்டு ரேகை மோட்டார்

மரகதத்தின் மோட்டார் ஓட வேண்டுமானால் பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பனும் மோட்டார் பெட்டியில் கைரேகை வைக்க வேண்டும். இரண்டு தோட்டத்துக்கும் கீழே ஒரே ஊற்று என்பதால் அப்படி ஏற்பாடு. மூன்று நாட்களாகத் தன் ரேகையை வைத்துவிட்டுக் காத்திருந்தாள், அவர் வரவில்லை. சின்ன வெங்காயத் தாள்கள் நுனி கருகத் தொடங்கின. வரப்பில் நடந்து நடந்து கால் ஓய்ந்தது. நான்காம் நாள் காலை அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

"ஏனுங்ண்ணா, எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

"கோவமெல்லாம் இல்ல அம்மணி. போர்ல எட்டடித் தண்ணிதான் நிக்குது. உன்ற வெங்காயத்துக்கு உட்டா, சித்திரையில ரெண்டு வீட்டுக்கும் குடிக்க இருக்காது."

"உடலீன்னா என்ற வெள்ளாமை போச்சுங்களே!"

அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அவளோடு வந்து ரேகையை வைத்தார்.

"எப்ப நிறுத்தறதுன்னு நீயே பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

தண்ணீர் பாத்தி பாத்தியாக ஏறியது. அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாய்க்காலுக்கும் மோட்டாருக்குமாக அலைந்தாள். பாதி வயல் நனைந்ததும் மோட்டாரை நிறுத்தினாள். தன் மனமே மாறி மறுபாதிக்கும் தண்ணீர் கேட்டுவிடுமோ என்ற பயத்தில், காய்ந்து கிடந்த அந்த வெங்காயத்தை மேயத் தன் ஆடுகளை ஓட்டிவிட்டாள்.