சிவப்பு ஸ்டிக்கர்

"இன்னிக்கு அந்த ரூம் காலியாகணும். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றார் அவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே.

"நான் வரலை" என்றாள் மனைவி. காபி கப்போடு வாசல்படியில் உட்கார்ந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷமா இதே பாட்டு. அடுத்த வாரம், முதுகு வலி, மழை நிக்கட்டும்... தள்ளிப்போடறதுல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது."

"கிடையாதுதான். அதுக்கென்ன இப்போ?"

அவருக்கு மருந்துக்கடை. ஒரு மாத்திரை அட்டை இடம் மாறியிருந்தால்கூட மனுஷனுக்குச் சோறு இறங்காது. காலாவதியான மருந்துக்குத் தன் கையாலேயே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார். கடை ஆட்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'எக்ஸ்பைரி'.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் இப்படி ஒரு ரூம். கதவைத் திறந்தால் இரட்டைக் கட்டில் மெத்தை மேலே சாயும். அதற்குப் பின்னால் கால் உடைந்த மேஜை, பெயின்ட் டப்பாக்கள், மகள் சின்ன வயதில் ஓட்டிய சைக்கிள், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத அட்டைப்பெட்டிகள்.

அது அவருடைய அம்மா வந்து தங்க வேண்டிய ரூம். ஊரின் இன்னொரு கோடியில் அம்மா தனியாக இருக்கிறாள். பிள்ளை இருந்தும் தனியாக விட்டிருக்கிறானே என்று நாலு பேர் பேசுவார்களே என்பது அவருடைய கவலை. நாலு பேரில் ஒருத்தி அவருடைய அக்கா. அவள் போனிலேயே பேசினாள்.

"உன் பொண்டாட்டி சோம்பேறி எல்லாம் இல்லடா. மாமியார் வந்துடக் கூடாதுன்னு வேணும்னே ரூமை அடைச்சு வச்சிருக்கா."

அவர் நம்பத்தான் இல்லை. ஆனால் போன மாதம் கடை ஆள் ஒருவனைக் கூட்டி வந்து, இருவருமாக மூச்சு வாங்க இழுத்து வெளியே போட்ட மெத்தை, சாயங்காலம் வந்து பார்த்தால் மறுபடி உள்ளே இருந்தது. அதற்குப் பிறகு நம்பாமல் என்ன செய்வது?

இன்று கடைக்கு லீவு. எல்லாவற்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டினார். பழைய சாமான் வாங்குகிறவர் வந்து மெத்தையிலிருந்து டப்பா வரை அள்ளிக்கொண்டு போனார். மனைவி படியில் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டாள், அவ்வளவுதான்.

அவருக்குத் தாங்கவில்லை. "நேராவே கேட்கிறேன். எங்கம்மா இங்க வர்றது உனக்குப் பிடிக்கலை. அதானே?"

"நீங்க என்ன வேணா நினைச்சுக்கங்க. நான் பதில் சொல்லப் போறதில்லை."

என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டு, அவள் காதில் விழும்படியே அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, ரூம் காலி. இனிமே யாரும் சாக்கு சொல்ல முடியாது."

"முழுசா காலியா?" என்றாள் அம்மா.

"முழுசா."

"சரி, சாயங்காலம் வண்டியோட வர்றேன்."

அவர் ஜெயித்த முகத்தோடு மனைவியைப் பார்த்தார். அவள் கப்பைக் கழுவப் போய்விட்டாள்.

சாயங்காலம் மினி லாரி வந்தது. டிரைவர் பக்கத்திலிருந்து அம்மா இறங்கினாள். பின்னாலிருந்து சாமான் இறங்கியது. துருப்பிடித்த டம்பெல், விரிசல் விட்ட மீன் தொட்டி, பாதிக் கட்டை இல்லாத கீபோர்டு, கட்டுக் கட்டாகப் பழைய பத்திரிகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

"அம்மா, இதெல்லாம்..."

"உன்னோடதுதான். கல்யாணமானப்போ 'அடுத்த மாசம் வந்து எடுத்துட்டுப் போறேன்'னு சொன்னே. உன் பொண்ணு காலேஜே முடிச்சுட்டா, உனக்கு அந்த அடுத்த மாசம் இன்னும் வரலை. எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பறதுதானே உன் கடை வழக்கம்?"

கடை ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லாதது அவருடைய நல்ல நேரம். "சரி, உன் துணிமணி எங்கே?" என்றார்.

"என் வீட்டுல. முன்ரூம் இப்பத்தான் காலியாச்சு. நாளைக்கு ரெண்டு தையல் மெஷின் வருது. நானும் எதிர்வீட்டுக்காரியும் சேர்ந்து லாட்ஜுக்குத் தலையணை உறை தைக்கப் போறோம்."

"இந்த வயசுலயா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நான் எங்கே இருக்கணும்னு நீ பேசினே, உங்கக்கா பேசினா, அந்த நாலு பேரும் பேசினாங்க. 'வர்றியாம்மா'ன்னு என்கிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா?"

"வரலைன்னு நீயாவது சொல்லியிருக்கலாமே."

"உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்கு இத்தனை நாள் தைரியம் வரலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நானும் தள்ளிப்போட்டேன். இனிமே அந்தப் பழியை இவ சுமக்க வேண்டாம்."

அவர் மீன் தொட்டியில் இருந்த ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார். வீட்டில் அவருடைய மேஜை டிராயரில் இருந்த ஸ்டிக்கர்தான். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு அந்த மெத்தையை..."

அம்மா வாசல்படியில் மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவ்வளவு பெரிய மெத்தையை ஒருத்தியா தூக்க முடியுமாடா? மறுபக்கம் பிடிச்சது நான்தான்."