அழாத பிள்ளை

“உம்புள்ள எவ்ளோ சமத்துடி எழிலு. என்னோடது பாலுக்குக் கத்தியே தெருவைக் கூட்டிடும்,” என்றாள் தடுப்பூசி வரிசையில் நின்ற எதிர்வீட்டு ரெஜினா. எழிலரசி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

உடம்பு இளைக்க அவள் கையில் தோலுக்கடியில் பதித்துக்கொண்ட மருந்து வில்லை, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் அது அதையே சொல்லிவிட்டது. பிறந்தது முதல் அவனுக்குப் பசித்ததே இல்லை. அலாரம் அடித்ததும் அவன் உள்ளங்காலைக் கிள்ளுவாள். வலித்து அழ வாய் திறக்கும்போது மார்பைக் கொடுப்பாள். இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

நர்ஸ் அவனைத் தராசில் கிடத்தினாள்.

“மறுபடியும் குறைஞ்சிருக்கும்மா.”

ஒரு காலத்தில் இந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே எழிலரசி வாராவாரம் இங்கே வந்து எடை பார்த்துக்கொண்டாள்.