சீட்டு இடுக்கில் மாயா

எண்ணூர்க் கடற்கரையில் வெகுநேரம் நடந்த களைப்பில், டாலி என்கிற நாய் ஜெயவேலின் ஆட்டோ பின்சீட்டில் படுத்திருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழி அதற்குக் கண்ணில் இல்லை, மூக்கில் இருக்கிறது. ஈர மூக்கில் காற்று கொண்டுவந்து ஒட்டுவதுதான் ஊர். முதலில் உப்பு, அடுத்து லாரிப் புகை, அப்புறம் பொரித்த மீன். காலத்தையும் அது முகர்ந்துதான் அறிகிறது. அழுத்தமான வாசனை என்றால் இப்போது, மெலிந்தது என்றால் எப்போதோ. கல்யாணமாகி ஓசூர் போன மாயா சீட்டு இடுக்கில் இன்னும் இருக்கிறாள், நேற்றைவிட மெலிந்து.

“இன்னா மாமு, நாய் நாத்தம் தாங்கல. சீட்டு கவர மாத்தேன்,” என்கிறான் முன்னால் ஜெயவேலின் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்திருக்கும் நண்பன் பாரி.

“கெடக்கட்டும் நைனா. எம்பொண்ணு குந்திகினு வந்த சீட்டு.”

நேரே வீட்டுக்குப் போகவேண்டிய ஆட்டோவை ஜெயவேலின் கை, மகளை வேலைவிட்டு அழைத்துவந்த பழக்கத்தில், திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கம் திருப்பிவிடுகிறது. ரயில் வந்து நிற்கிறது. டாலி துள்ளி எழுந்து, வெளியே வரும் பெண்களை ஒவ்வொருவராக மோப்பம் பிடிக்கிறது. மாயா தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் வாசம் நிறையப் பேரிடம் இருக்கிறது. மாயா இல்லை. கடைசிப் பெண்ணும் கடந்துபோன பிறகும் டாலி உட்காரவில்லை. ஜெயவேலும் வண்டியைக் கிளப்பவில்லை.